ஃப்ளைட்கியர்ல வன்னிக்கு மேல பறக்க வெளிக்கிட்டா வாற பிரச்சினைகளும் அதுகளைத் திருத்துற விதமும்

எங்கட பக்கத்துப் பெடியள் கொஞ்சப் பேர் இப்ப ஃப்ளைட்கியர் போட்டிருக்கிறாங்கள், போட்ட அண்டைக்கே "அண்ணை பிளேன் அசையுதில்லை", "அண்ணை கிளிநொச்சியைக் காணேல்லை" எண்டு போன் வரும், அதால எனக்குத் தெரிஞ்சதெல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதி விடுறன், உங்கட பிரச்சினை எதுவோ அந்தத் தலைப்பை மட்டும் வாசிச்சாலும் காணும்.

தெரியாத ஆக்களுக்கு முதல் ஒரு விளக்கம். ஃப்ளைட்கியர் ஒரு இலவசப் பறப்பு சிமுலேட்டர். 1996ல அதைப் பற்றின யோசனையை எழுதி, 1997ல முதல் பதிப்பு வந்தது, அண்டையில இருந்து உலகம் முழுக்க இருக்கிற தொண்டர்கள் தான் அதை எழுதிக் கொண்டு வருகினம், ஜிபிஎல் உரிமத்தில கிடக்கிறதால காசும் இல்லை, களவா இறக்க வேண்டிய தேவையும் இல்லை. இதில பொயின்ட்ஸ் இல்லை, லெவல் இல்லை, சுடுறதுக்கு ஆரும் இல்லை. எனக்கு இது உலாத்துற விளையாட்டு. பின்னேரம் வேலையால வந்து குளிச்சிட்டு, ஏ9 றோட்டைப் பிடிச்சுக் கொண்டு ஓமந்தையில இருந்து பரந்தன் மட்டும் ஆறுதலா ஒருக்காப் போய் வந்தா அண்டைக்கு நல்ல நித்திரை.

நான் சொல்லுறது 2020.3 பதிப்பை வச்சு, பிளேன் அதோட சேர்ந்தே வாற செஸ்னா 172பி (172P). வேற பதிப்பில மெனு கொஞ்சம் இடம் மாறிக் கிடக்கும், தேடிப் பிடியுங்கோ.

எங்க பாத்தாலும் கடலாக் கிடக்கு

எல்லாருக்கும் முதல் வாறது இது தான். வவுனியா எயார்போர்ட் எண்டு தேடி எடுத்து ஃப்ளை எண்டதை அமத்திட்டு ஆசையோட பாத்தா, சுத்திவர நீலத் தண்ணி, நடுவில உங்கட பிளேன். பயப்பிடாதேங்கோ, ஒண்டும் பழுதாகேல்லை, நிலம் இன்னும் வந்து சேரேல்லை, அவ்வளவும் தான். இன்ஸ்டோல் பண்ணேக்க உலகத்தில ஒரு சின்னத் துண்டு நிலம் தான் கூட வரும், மிச்சத்தை டெறாசிங்க் எண்ட ஒரு பகுதி நீங்கள் பறக்கப் பறக்க இன்டர்நெட்டில இருந்து இறக்கிக் கொண்டே இருக்கும், ஒரு இடத்துக்கு நிலம் கிடைக்கேல்லை எண்டா அந்த இடத்தைக் கடலால நிரப்பி விடும்.

ஃப்ளைட்கியரைத் திறந்தவுடன முதல் வாற லோஞ்சரில செற்றிங்ஸுக்குப் போய் சீனரியை, அதாவது நிலத்தை, தானா டவுன்லோட் பண்ணுறதுக்கு ஒரு ஒப்ஷன் இருக்கு, அது ஓனில கிடக்கோ எண்டு பாருங்கோ. கிடந்தா விளையாட்டுக்குள்ள போய் பி (P) கீயை அமத்தி பிளேனை நிப்பாட்டி வச்சிட்டு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடிச்சிட்டு வாங்கோ. எங்கட பக்கம் சிக்னல் ரெண்டு கோட்டுக்கு மேல வராது, அதுக்கு அவசரப்பட்டு மூடி மூடித் திறந்தா இன்னும் சுணங்கும்.

இதில ஒரு நுணுக்கம் இருக்கு, அதை விளங்கிக் கொண்டா பிறகு கஷ்டமில்லை. நிலத்தை இது ஒரு பாகை நீளம் ஒரு பாகை அகலம் எண்டு பெட்டி பெட்டியா வெட்டி வச்சிருக்கு. செற்றிங்ஸில டவுன்லோட் ஃபோல்டர் எங்க கிடக்கெண்டு காட்டும், அதைத் திறந்து டெறாசிங்க், அதுக்குள்ள டெறெய்ன் எண்டு போனா ஈ080என்00 எண்டொரு ஃபோல்டர், அதுக்குள்ள ஈ080என்08, ஈ080என்09 எண்டு ரெண்டு இருக்க வேணும். ஈ எண்டது கிழக்கு, என் எண்டது வடக்கு. வவுனியா 08ல கிடக்கு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் 09ல கிடக்கு, புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில எங்கயோ ஒரு இடத்தில நீங்கள் ஒரு பெட்டியால மற்றப் பெட்டிக்குள்ள போறீங்கள். மன்னார் இதில ரெண்டிலயும் இல்லை. அது 80 பாகைக் கோட்டுக்கு மேற்கால இருக்கிறதால ஈ070என்00 எண்ட வேற ஃபோல்டருக்குள்ள ஈ079என்08 எண்டு கிடக்கும். அதால தான் மடுவைத் தாண்டி கட்டுக்கரைக் குளத்தடிக்குப் போனவுடன நிலம் கத்தியால வெட்டின மாதிரி நிண்டு கடல் தொடங்குது எண்டு ஒரு தம்பி சொன்னவர். அந்த ஒரு பெட்டி அவருக்கு இறங்கேல்லை, பிறகு வைஃபை உள்ள இடத்தில போய் மன்னார் மேல ஒருக்காச் சுத்தினவுடன சரி.

ஒருத்தருக்கு இறங்கினா எல்லாருக்கும் இறங்கின மாதிரித் தான். டெறாசிங்க் ஃபோல்டரை அப்பிடியே பென்டிரைவில போட்டுக் கொண்டு போய் மற்ற லப்டொப்பில அதே இடத்தில வையுங்கோ, பிறகு டேட்டா இல்லாமலே வன்னி முழுக்கப் பறக்கலாம். நான் இது மட்டும் ஆறு ஏழு வீட்டுக்குக் குடுத்திருப்பன்.

படம் விட்டு விட்டு ஓடுது, லப்டொப் கொதிக்குது

வியூ மெனுவில ரென்டரிங் ஒப்ஷன்ஸ். முதல் மரங்களைக் குறையுங்கோ, எங்கட பக்கம் காடு கூட எண்டதால மரம் தான் அதிகம் இழுக்கும். பிறகு மேகத்தின்ர அடர்த்தி, பிறகு ஷேடர் ஸ்லைடரை இடப்பக்கம் தள்ளுங்கோ. ஒண்டை மாத்தினாப் பிறகு ஒரு நிமிஷம் பறந்து பாத்திட்டு மற்றதை மாத்துங்கோ, எல்லாத்தையும் ஒரேயடியா அமத்தினா எது காரணம் எண்டு பிடிக்க ஏலாது.

கொதிக்கிறதுக்கு வேற வழி இருக்கு. அதே இடத்தில ஃப்ரேம் ரேட்டைக் கட்டுப்படுத்துற ஸ்லைடர் ஒண்டு கிடக்கும், அதை 30ல நிப்பாட்டி விடுங்கோ. இது ஆறுதலாப் போற விளையாட்டு, 30 தாராளமாக் காணும், லப்டொப்பின்ர காத்தாடிச் சத்தமும் அடங்கும். சித்திரை வெயிலுக்குத் தகர வீட்டுக்குள்ள இருந்து விளையாடுற பிள்ளையள் இதைக் கட்டாயம் செய்யுங்கோ, அடியில ரெண்டு கொப்பியை வச்சு லப்டொப்பை உயர்த்தினா இன்னும் நல்லம்.

எஞ்சின் ஸ்டார்ட் வருதில்லை

கெதியான வழி, மேல மெனுவில பிளேன்ர பேரோட ஒரு மெனு கிடக்கும், அதில ஒட்டோஸ்டார்ட். புதுசாத் தொடங்கினவை ஒரு கிழமைக்கு இதையே பாவியுங்கோ, வெக்கப்பட ஒண்டும் இல்லை.

கையால ஸ்டார்ட் பண்ண விரும்பினா, வயலுக்குத் தண்ணி இறைக்கிற மண்ணெண்ணெய்ப் பம்பை ஸ்டார்ட் பண்ணின ஆக்களுக்கு இது உடன விளங்கும். குளிர்ந்து கிடக்கிற பம்புக்கு முதல் கொஞ்சம் பெற்றோல் விட்டுத் தானே கயித்தை இழுக்கிறம், கூட விட்டா பிளக் நனைஞ்சு அது எடுக்காது. இதிலயும் அதே கதை. பிரைமர் எண்ட ஒரு பித்தானை ரெண்டு மூண்டு தரம் இழுத்துத் தள்ளினா கொஞ்சம் பெற்றோல் நேரா எஞ்சினுக்குள்ள போகும், கூடக் குடுத்தா அது மூழ்கிப் போய் எடுக்காது. அதுக்கு முதல் கீழ தரையில பெற்றோல் திருப்பி ரெண்டு தாங்கிக்கும் பொதுவா இருக்கிற நிலையில கிடக்கோ எண்டு பாருங்கோ, பெற்றோலும் காத்தும் கலக்கிற அளவை மாத்துற, சிவப்புத் தலை வச்ச மிக்ஸர் பித்தான் முழுக்க உள்ள தள்ளிக் கிடக்க வேணும், மாஸ்டர் சுவிட்ச் ஓன், எஞ்சினுக்குத் தீப்பொறி குடுக்கிற மக்னெட்டோ போத் எண்டதில, பிறகு எஸ் கீயை அமத்திப் பிடியுங்கோ. விசிறி சுத்துது ஆனா பத்துதில்லை எண்டா பத்துக்கு ஒம்பது தரம் மிக்ஸர் தான் வெளியில இழுபட்டுக் கிடக்கும்.

எஞ்சின் ஓடுது, பிளேன் நகருதில்லை

ஷிஃப்டையும் பி (B) கீயையும் சேர்த்து அமத்துங்கோ, பார்க்கிங் பிரேக் கழரும். அப்பவும் அசையாட்டி வெளிப்பக்க வியூக்குப் போய் (வி கீ) சக்கரத்தைப் பாருங்கோ. இந்த செஸ்னாவைச் செய்தவை நிறுத்தி வச்ச பிளேனுக்கு என்னென்ன செய்வினமோ அதெல்லாத்தையும் செய்து வச்சிருக்கினம், சில்லுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் கட்டை, செட்டையில இருந்து நிலத்துக்குக் கயிறு, வேகம் அளக்கிற குழாய்க்கு உறை. எல்லாத்தையும் பிளேன்ர மெனுவில இருந்து கழட்டலாம்.

வேகமுள் பூச்சியத்திலயே நிக்குது

மேல சொன்ன உறை தான். அந்தக் குழாய்க்குள்ள முன்னால இருந்து வாற காத்தின்ர அழுத்தத்தை வச்சுத் தான் வேகம் தெரியுறது, உறையோட கிளம்பினா நீங்கள் எவ்வளவு ஓடினாலும் முள்ளுக்கு அது தெரியாது. இறங்கி நிண்டு கழட்டிப் போட்டு வாங்கோ.

கீயை அமத்தினா ஒண்டும் நடக்குதில்லை

நம் லொக் போடுபட்டிருக்கோ எண்டு பாருங்கோ. நம்பர் பக்கம் இல்லாத சின்ன லப்டொப் எண்டா அம்புக் கீயளால திருப்பலாம், இல்லாட்டி டாப் கீயை அமத்தி மவுஸால பறக்கிற முறைக்கு மாத்துங்கோ, எனக்கு மவுஸ் தான் பிடிச்சது, கீயில தட்டித் தட்டித் திருப்புறதை விட அது வழுக்கிக் கொண்டு போகும்.

ஓடுபாதையில ஓடேக்க இடப்பக்கம் இழுத்துக் கொண்டு போய்ப் புல்லுக்குள்ள விடுது

இது பிழை எண்டு தான் எல்லாரும் நினைக்கிறது, நானும் முதல் மாதம் அப்பிடித் தான் நினைச்சு ரெண்டு தரம் அழிச்சு அழிச்சு இன்ஸ்டோல் பண்ணினன். உண்மையான செஸ்னாவும் இப்பிடித் தான் இழுக்கும். விசிறி, ஓட்டுற ஆள் இருக்கிற பக்கத்தில இருந்து பாத்தா மணிக்கூட்டு முள்ளுப் போற திசையில சுத்துது, அது பின்னால தள்ளுற காத்து நேராப் போகாமல் உடம்பைச் சுத்தி முறுகிக் கொண்டு போய் வால் செட்டையின்ர இடப்பக்கத்தில அடிக்குது, வால் வலப்பக்கம் தள்ளுப்பட மூக்கு இடப்பக்கம் திரும்புது. அதோட விசிறியின்ர முறுக்கு இடப்பக்கச் சில்லை நிலத்தில கூட அமத்துது. வேகம் குறைஞ்ச நேரத்தில பவரை முழுக்கக் குடுக்கேக்க தான் இது மோசமா இருக்கும்.

செய்ய வேண்டியது, பவரை ஒரேயடியாத் தள்ளாமல் நாலு அஞ்சு செக்கனில ஆறுதலா ஏத்துங்கோ, ஏத்தேக்கயே வலப்பக்க றடரை (வாலில மூக்கைத் திருப்புற தட்டு) கொஞ்சம் குடுங்கோ, கீபோர்டில நம்பர் பக்கத்தில இருக்கிற என்டர் கீ வலது, பூச்சியம் இடது. சின்னச் சின்னத் தட்டலாக் குடுங்கோ, பிடிச்சுக் கொண்டு நிண்டா மற்றப் பக்கம் போய் விழும். 5ஐ அமத்தினா எல்லாம் நடுவுக்கு வந்திடும், அதை ஞாபகம் வச்சிருங்கோ. 55 நொட்ஸ் (மணிக்கு 55 கடல்மைல்) வந்தாப் பிறகு மூக்கை மெல்லத் தூக்குங்கோ, ஏறினாப் பிறகு இழுவை குறைஞ்சிடும்.

இவ்வளவும் கஷ்டம் எண்டா லோஞ்சர் செற்றிங்ஸில ஒட்டோ கோடினேஷன் எண்டதை ஓன் பண்ணி விடுங்கோ. றடரும் செட்டையும் ஒண்டாத் திரும்பும், கீபோர்ட் மட்டும் வச்சு விளையாடுற சின்னப் பிள்ளையளுக்கு இது நல்ல உதவி.

இன்னொரு காரணமும் இருக்கு, காத்து. லைவ் வெதரை ஓனில விட்டிருந்தா அந்த நேரத்துக் காத்துத் தான் விளையாட்டிலயும் அடிக்கும். பலாலியில ஓடுபாதை 05, 23 எண்டு வடகிழக்கும் தென்மேற்குமாக் கிடக்கு. சோளகம், அதாவது தென்மேற்குக் காத்து, அடிக்கிற மாதங்களில 23 பக்கமா ஓடுங்கோ, காத்து முகத்துக்கு நேர வரும், பிளேன் கொஞ்சத் தூரத்திலயே எழும்பும். வடகிழக்கால வாற வாடைக்கு 05. எங்கட கடற்கரையில வள்ளம் விடுற ஆக்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை, நான் தான் இதை ஒரு மீன்பிடிக்கிற மாமாட்ட இருந்து விளங்கிக் கொண்டனான், ஏன் பிளேன் பக்கவாட்டில போகுது எண்டு கேக்க, "தம்பி காத்து எங்க இருந்து வருது எண்டு பாத்தனியோ" எண்டு ஒரு கேள்வி தான் கேட்டவர்.

மூக்கு எப்பவும் மேல போகுது, இல்லாட்டிக் கீழ போகுது

ட்ரிம் சரியில்லை. ஹோம் கீயும் என்ட் கீயும். மூக்கு தானா ஏறினா ஹோமைத் தட்டுங்கோ, இறங்கினா என்டைத் தட்டுங்கோ, நீங்கள் கையை எடுத்தாலும் அடிவானம் ஒரே இடத்தில நிக்கிற அளவுக்கு வரும் வரைக்கும் தட்டுங்கோ. இது சரி வந்த அண்டைக்குத் தான் எனக்கு இந்த விளையாட்டு விளங்கினது. அதுவரைக்கும் பிளேனோட மல்லுக்கட்டிக் கொண்டிருந்தனான், ட்ரிம் பண்ணின பிறகு கையை மடியில வச்சுக் கொண்டு யன்னலால கீழ பாத்துக் கொண்டு போனன்.

போனவுடன இருட்டாக் கிடக்கு

பழுதில்லை, அந்த இடத்தில இப்ப இரவு. நீங்கள் இரவு பத்து மணிக்கு வன்னியில பறந்தா அங்கயும் பத்து மணி தான். என்வயர்மென்ட் மெனுவில நேரத்தை விடிய எண்டோ மத்தியானம் எண்டோ மாத்தலாம். பகலிலயும் இருட்டா இருந்தா லப்டொப்பின்ர மணிக்கூடும் டைம்ஸோனும் சரியோ எண்டு பாருங்கோ, பழைய லப்டொப்புகளில உள்ள சின்னப் பற்றரி செத்துப் போய் வருஷமே மாறிக் கிடக்கும்.

நடுவானில எஞ்சின் இருமி இருமி நிக்குது

பெற்றோல் முள்ளைப் பாத்திட்டீங்கள், பெற்றோல் கிடக்கு, அப்ப ரெண்டு காரணம். ஒண்டு மிக்ஸர், மேல ஏறேக்கக் கொஞ்சம் இழுத்து வச்சிட்டு இறங்கேக்கத் திரும்பத் தள்ள மறந்திருப்பீங்கள். மற்றது காபரேட்டரில ஐஸ். வன்னியில ஐஸோ எண்டு கேப்பீங்கள். காபரேட்டருக்குள்ள ஒடுங்கின இடத்தால காத்து வேகமாப் போகேக்கயும் பெற்றோல் ஆவியாகேக்கயும் உள்ள வெப்பநிலை சட்டெண்டு விழும், காத்தில ஈரம் கூட இருந்தா வெளியில 25 பாகை இருந்தாலும் உள்ள ஐஸ் பிடிக்கும், பவரைக் குறைச்சு இறங்கேக்க தான் கூடப் பிடிக்கும். மாரி காலத்து ஈரக் காத்து அதுக்கு நல்ல வாய்ப்பு. காப் ஹீட் எண்ட பித்தானை முழுக்க வெளியில இழுங்கோ. இழுத்தவுடன எஞ்சின் இன்னும் மோசமா உதறும், கரைஞ்ச தண்ணி உள்ளால போறது தான் அது, பயந்து திருப்பித் தள்ளிப் போடாதேங்கோ, கொஞ்ச நேரத்தில தெளிஞ்சு ஓடும். இதெல்லாம் வேண்டாம் எண்டா பிளேன்ர மெனுவில ஐஸ் பிடிக்கிற ஒப்ஷனை ஓஃப் பண்ணலாம்.

வானத்தில தொடங்கினவுடன விழுது

கோடினேட் குடுத்து வானத்தில தொடங்கேக்க உயரத்தை மட்டும் குடுத்திட்டு வேகத்தைக் குடுக்க மறந்திட்டீங்கள். செஸ்னாவுக்கு 100 நொட்ஸ் குடுங்கோ.

எஞ்சின் சத்தம் வீட்டில ஆக்களுக்குக் கரைச்சலா இருக்கு

இதை ஒரு பிரச்சினை எண்டு எந்த வழிகாட்டியிலயும் ஒருத்தரும் எழுதமாட்டினம். எங்கட பக்கம் இது பிரச்சினை தான், அதால நான் எழுதுறன்.

செஸ்னாவில இருக்கிறது நாலு சிலிண்டர் எஞ்சின், 160 குதிரைவலு, 2000 அடியில ஒரே பவரில விட்டா அது விடாமல் ஒரே சுதியில ரீங்காரம் போடும். நான் முதல் நாள் ஸ்பீக்கரைக் கூட்டி வச்சுப் பறந்து கொண்டிருந்தன், அம்மா குசினிக்குப் பின்னால முருங்கையிலை ஆய்ஞ்சு கொண்டிருந்தவ. கொஞ்ச நேரத்தால எழும்பி முத்தத்துக்கு வந்தவ, மடியில கிடந்த இலையெல்லாம் கொட்டுப்பட்டுது, கையைப் புருவத்தில வச்சுக் கொண்டு வானத்தைப் பாத்துக் கொண்டே நிக்கிறா. நான் கூப்பிட்டதும் கேக்கேல்லை. 2008ல எனக்குப் பத்து வயசு, எங்களுக்கு மேல ராவும் பகலும் வண்டு (ஆளில்லாத வேவு விமானம்) சுத்தின சத்தம் அதே மாதிரித் தான், வண்டு போனா பிறகு குண்டு போடுற கிபிர் ஜெட் வரும் எண்டு அம்மா எங்களைப் பங்கருக்குள்ள இறக்கிப் போட்டுத் தான் தான் இறங்குவா. நான் லப்டொப்பை மூடிப் போட்டன். அம்மா "உதென்ன சத்தம்" எண்டு மட்டும் கேட்டிட்டுத் திரும்பிப் போய் இலையைப் பொறுக்கினவ.

வன்னியில எந்த வீட்டில விளையாடினாலும் முதல் இதைச் செய்யுங்கோ. ஹெட்செட் போடுங்கோ. ஹெட்செட் இல்லாட்டி ஃபைல் மெனுவில சவுண்ட் கன்ஃபிகரேஷனுக்குப் போய் சத்தத்தை முழுக்கக் குறையுங்கோ. பக்கத்து வீட்டில வயசு போன ஆக்கள் இருந்தாலும் நினைச்சுக் கொள்ளுங்கோ, எங்கட வீட்டுச் சுவரெல்லாம் சத்தத்தைத் தடுக்கிற சுவரில்லை.

அதை விட நல்ல வழி எஞ்சினே இல்லாத பிளேனுக்கு மாறுறது. லோஞ்சரில எயார்கிராஃப்ட் பக்கத்தில தேடினா ஏஎஸ்கே 21 எண்டு ஒரு கிளைடர் கிடக்கும், அதுவும் இலவசம், ஒருக்கா இறக்கிப் போடுங்கோ. ஜெர்மனியில பழகுறதுக்கெண்டு செய்த ரெண்டு பேர் இருக்கிற கிளைடர், நீளமான வெள்ளைச் செட்டை. சத்தம் எண்டா காத்துச் சத்தம் மட்டும் தான், பனங்கூடலுக்குள்ளால காத்துப் போற மாதிரி. லொக்கேஷனில 9.30, 80.45 எண்டு குடுங்கோ, இரணைமடுக் குளத்துக்கு மேல நிப்பீங்கள், உயரம் 5000 அடி, வேகம் 50 நொட்ஸ். உண்மையான ஏஎஸ்கே 21 மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில போகேக்க ஒரு மீட்டர் இறங்கிறதுக்குள்ள 33 மீட்டருக்கு மேல முன்னுக்குப் போகும். 5000 அடி எண்டா 1500 மீட்டர் அளவு, கணக்குப் போட்டா காத்தில்லாத நாளில ஒரு 50 கிலோமீட்டர் போகலாம். இரணைமடுவில இருந்து முல்லைத்தீவுக் கடற்கரை நேர்கோட்டில 40 கிலோமீட்டர். கிழக்கால மூக்கைத் திருப்பி விட்டிட்டு இருந்தா காட்டுக்கு மேலால போய் நந்திக்கடலைத் தாண்டிக் கடலைக் காணலாம், கையில இன்னும் கொஞ்ச உயரம் மிச்சம் இருக்கும்.

இப்ப அம்மா பக்கத்தில கதிரையைப் போட்டுக் கொண்டு இருந்து பாக்கிறவ.

கிளைடர் சொன்ன தூரத்துக்குப் போகுதில்லை, கெதியாக் கீழ வருது

பெரும்பாலும் வேகம் தான். மணிக்கு 130, 140 கிலோமீட்டரில பறந்தா கெதியா இறங்கும், 70க்குக் கீழ வந்தாலும் இறங்கும், மூக்கை அடிவானத்துக்குக் கொஞ்சம் கீழ வச்சு 90ல ட்ரிம் பண்ணி விடுங்கோ. செட்டைக்கு மேல எயார்பிரேக் தட்டு எழும்பிக் கிடக்கோ எண்டும் பாருங்கோ, அதை ஏத்தி இறக்கிற கீ எது எண்டு ஹெல்ப் மெனுவில எயார்கிராஃப்ட் ஹெல்ப்பில இருக்கும். இன்னும் தூரம் வேணும் எண்டா வெதரில டீடெயில்ட் எண்டதைப் போட்டு மத்தியானத்துக்கு வையுங்கோ, பஞ்சு மாதிரி மேகத்துக்குக் கீழ போனா சூடாகி எழும்புற காத்து உங்களையும் தூக்கும், அதுக்குள்ள வட்டம் அடியுங்கோ, பருந்து அடிக்கிற மாதிரி. மலையோரத்தில காத்து மோதி எழும்புற தூக்கல் எங்களுக்குக் கிடைக்காது, வன்னி சமதரை.

எங்கட ஊரைக் கண்டுபிடிக்க ஏலாமல் கிடக்கு

வீடு தெரியும், பள்ளிக்கூடம் தெரியும், கோயில் கோபுரம் தெரியும் எண்டு எதிர்பாத்துத் தான் எல்லாரும் வாறது. இதில இருக்கிற நிலம் உலகத்துக்கே பொதுவா எடுத்த வரைபடத்தில இருந்து செய்தது, சின்னக் குளங்களும் ஊர் ஒழுங்கையளும் அதில வராது, பெரிய குளத்தின்ர கரையும் உண்மையான வளைவில இல்லாமல் மூலை மூலையாத் தெரியும். முறிகண்டியில இறங்கித் தேங்காய் உடைச்சுக் கச்சான் வாங்கிற இடத்தைத் தேடாதேங்கோ, கிடைக்காது.

அதுக்கு நான் செய்யிறது, போனை மப்பா வச்சுக் கொள்ளுறது. லோஞ்சர் செற்றிங்ஸில கடைசியா அடிஷனல் செற்றிங்ஸ் எண்டு ஒரு பெட்டி கிடக்கும், அதில ரெண்டு சின்னக் கோடு போட்டு இடைவெளி விடாமல் httpd எண்டு இங்கிலிஷில அடிச்சு சமன் குறி போட்டு 8080 எண்டு எழுதுங்கோ (--httpd=8080). பிறகு போனையும் லப்டொப்பையும் ஒரே ஹொட்ஸ்பொட்டில விட்டு, போன் பிரவுசரில லப்டொப்பின்ர ஐபி நம்பரை அடிச்சு முக்காற்புள்ளிக் குறியையும் (:) போட்டு 8080 எண்டு குடுத்தா ஃபை எண்ட பக்கம் திறக்கும், அதில மப்பைத் தொட்டா உங்கட பிளேன் இப்ப எங்க நிக்குது எண்டு ஊர்ப் பேரோட காட்டும். திறக்காட்டி விண்டோஸ் ஃபயர்வோலில ஃப்ளைட்கியரை அனுமதிக்க வேணும், முதல் தரம் கேக்கேக்க வேண்டாம் எண்டு அமத்தியிருப்பீங்கள்.

வவுனியாவில இருந்து போறதெண்டா மூக்கை வடக்குக்கும் கொஞ்சம் மேற்காலயும் சரிச்சு விடுங்கோ, கிளிநொச்சி 38 கடல்மைல், 100 நொட்ஸில 23 நிமிஷம். இரணைமடுத் தண்ணி வலப்பக்கத்தில தெரிஞ்சா வழி சரி, அதுக்குத் தெற்கால இருந்து வந்து சேருற கனகராயன் ஆறு தான் நல்ல அடையாளம், வடக்கால அது சுண்டிக்குளம் கடல்நீரேரியில போய் விழும்.

அம்மா போனை வச்சுக் கொண்டு மப்பைப் பாப்பா, நான் ஸ்கிரீனைப் பாப்பன், அவ "இப்ப அக்கராயன் தாண்டிட்டாய், கொஞ்சம் இடப்பக்கம், அங்க தான் அம்மம்மான்ர காணி" எண்டு சொல்லச் சொல்ல நான் திருப்புவன், கீழ வெறும் பச்சை தான், ஒரு கூரை கூட இல்லை, ஆனா இடம் அது தான். அப்பிடி ஒரு இடத்தைப் பிடிச்சா போனில தெரியிற ரெண்டு இலக்கத்தையும் ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ, அடுத்த நாள் லொக்கேஷனில அதைக் குடுத்தா அங்கயே தொடங்கலாம். எங்கட கொப்பியில இப்ப பதினொரு இடம் இருக்கு.